துவக்கு மாதிரி ஒரு சாமான்

போன கிழமை என் கைத்தொலைபேசி சார்ஜ் ஏறாமல் அடம்பிடித்தது. வெள்ளவத்தையில், காலி வீதியோரம் இருக்கிற ஒரு திருத்தும் கடையில் அதைக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் குந்தியிருந்தேன். கடைக்காரர் போனைத் திறந்து, உள்ளே ஏதோ பசையைத் தடவி, சின்னக் குழாயால் சூடான காற்றை ஊதினார். கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது. மரப்பிசின் கருகுகிற மணம். ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சோல்டர் வேலை செய்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். செய்யாதவர்கள், சாம்பிராணிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.  என் கை தன்பாட்டில் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது.

"என்ன அக்கா, ஏதும் துலைச்சுப்போட்டீங்களோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

இல்லை என்றேன். வேறென்ன சொல்வது?

மணம் என்றால் சிலருக்கு அம்மாவின் அடுப்படி ஞாபகம் வரும், சிலருக்கு முதல் மழை. எனக்கு இந்த மணம் ஒரு பொலிஸ் நிலையத்து மேசையைத் தூக்கிவந்து முன்னால் வைக்கிறது. அந்தக் கதையை இதுவரை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு வசதியான இடத்தில் நிறுத்திவிடுவேன். உங்களுக்கு முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

யுத்த வருடங்களில் நான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடி அறையொன்றில் வேலை செய்தேன். கந்தோர்களில் தொலைநகல் அனுப்புகிற பக்ஸ் இயந்திரங்கள், பிரிண்டர்கள், கம்பியூட்டர் திரைகள் எல்லாம் பழுதாகி அங்கே வந்து அடுக்கப்பட்டிருக்கும். நாங்கள் மூன்று பேர். முதலாளி சிவபாதம் அண்ணை யாழ்ப்பாணத்தில் ரேடியோக் கடை வைத்திருந்து, அதை இரவோடிரவாக விட்டுவிட்டு வந்தவர். நான் தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழையும் சாவகச்சேரிப் பிறப்புச் சான்றிதழையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு வந்தவள். மூன்றாவது ஆள் லெட்சுமி. பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கொட்டாஞ்சேனையில் சித்தப்பா குடும்பத்தோடு இருந்தாள். என்னைவிட மூன்று வயது இளமை. ஏதோ ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடம் மின்சுற்றுப் போர்டுகளில் சாமான் செருகியவள். அவளிடம் சான்றிதழ் இல்லை, கை இருந்தது. என்னிடம் சான்றிதழ் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் மேசைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மதில்தான். ரயில் போனால் மேசை நடுங்கும், ஈயம் உருக்குகிற அயனின் சூடான நுனி வழுக்கிவிடும். ரயில் வருகிற நேரங்கள் லெட்சுமிக்கு மனப்பாடம். "அக்கா, கைய எடுங்க" என்பாள். நான் கையை எடுத்ததும் ரயில் வரும்.

அந்த நாளைய பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பல்வலி மாதிரி அது எப்போதும் இருந்தது, சில நேரம் கூடும், சில நேரம் குறையும். நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால் அன்றைக்கு ஒழுங்கையில் ஒருவரோடு ஒருவர் கதைக்கமாட்டோம். எங்கள் தொழிலோ அந்தப் பயத்துக்கென்றே வாய்த்தது. வயர், பற்றரி, சுற்றுப்பலகை, சின்னச் சின்ன மின்குமிழ். மேசையில் கிடந்த எந்தச் சாமானைப் பார்த்தாலும் சோதனைக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வரும். அதனால் சிவபாதம் அண்ணை சில விதிகள் வைத்திருந்தார். வயர் எல்லாம் பிஸ்கற் பெட்டிக்குள் இருக்கவேண்டும். அலாரம் மணிக்கூட்டை யார் கொண்டுவந்தாலும் திருத்த எடுக்கக்கூடாது. கதவில் 'பக்ஸ் திருத்துமிடம்' என்று சிங்களத்தில் பெரிதாகவும், தமிழில் அதற்குப் பயந்ததுபோலச் சிறிதாகவும் எழுதியிருந்தது.

அப்படி இருக்கிறபோது ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வேலை வந்தது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளை வைக்கிற சூட்டுப்பெட்டிகள் ஆறு. ஆறின் கட்டுப்பாட்டுப் போர்டிலும் ஒரே பழுது. நாற்பது கால் உள்ள ஒரு ஐசி, பூரான் மாதிரி ஒரு சில்லு, கெட்டுப்போயிருந்தது. புதுப் போர்டு வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கு ஆகுமாம். ஐசி மட்டும் எப்படியோ எடுத்துவிட்டார்கள். பழையதைக் கழற்றிப் புதியதைப் போடவேண்டும். பழகிப் பார்ப்பதற்கென்று, ஏற்கெனவே செத்துப்போன ஒரு போர்டையும் தந்தார்கள்.

ஒரு கால் என்றால் யாரும் கழற்றலாம். நாற்பது காலும் ஒரே நேரத்தில் விடுபடவேண்டும். ஒவ்வொரு காலைச் சுற்றியும் இறுகிப்போன ஈயத்தை உருக்கி, உறிஞ்சி எடுக்கவேண்டும். எங்களிடம் இருந்தது புறக்கோட்டையில் வாங்கிய மலிவு அயன், சுவரில் செருகினால் தன் இஷ்டத்துக்குச் சூடாகும். அந்தச் செத்த போர்டில் நான்தான் முதலில் கைவைத்தேன். எட்டாவது காலில் ஈயத்தோடு சேர்ந்து மின்சாரம் ஓடுகிற செம்புக் கோடும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. சூடு கூடிவிட்டது. உண்மையான போர்டில் இது நடந்தால் ஒரு பெட்டி போச்சு, ஒரு பிள்ளைக்குரிய இடம் போச்சு. நான் அயனைக் கீழே வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

சிவபாதம் அண்ணை உரிந்த கோட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். "பிள்ளை, என்ன சாமான் வேணுமெண்டு நீயே பாத்துச் சொல்லு. விலையும் எங்களுக்குக் கட்டவேணும், போர்டும் எரியக்கூடாது" என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு அதே யோசனை. சூட்டை ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கிற அயன் கட்டாயம் வேண்டும், அதில் பேரம் இல்லை. ஈயத்தை எடுக்கத்தான் வழி பல. கையால் அழுத்தி விடுகிற உறிஞ்சி இருக்கிறது. நாங்கள் 'சக்கர்' என்போம். பேனா மாதிரி இருக்கும், மலிவு. ஆனால் ஒரு கையில் அயன், மறு கையில் சக்கர் என்று நாற்பது தரம். செம்பு இழைப் பின்னல் இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயைக் குடிப்பதுபோல ஈயத்தைக் குடிக்கும், வெட்டி வெட்டி எறியவேண்டும். மூன்றாவது, மோட்டர் பூட்டிய நிலையம். கைப்பிடியின் நுனியே சூடாகும், நடுவில் ஓட்டை. நுனியைக் காலின் மேல் வைத்து, உருகியதும் விசையை இழுத்தால் ஈயம் அப்படியே உள்ளே போய்விடும். புதிதாக வாங்க எங்களால் ஏலாது. பழையது கிடைத்தால் மூன்றிலும் அதுதான் லாபம் என்று நான் முடிவுகட்டினேன். கொப்பியில் கோடு போட்டு ஒப்பிட்டு வேறு எழுதினேன். பெரிய நிபுணர் அல்லவா.

கொட்டாஞ்சேனையில் ஒரு நானா, முஸ்லிம் வியாபாரி, மூடிப்போன தொழிற்சாலைகளின் சாமான்களை வாங்கி விற்றார். அவரிடம் ஒன்று இருப்பதாக லெட்சுமிதான் விசாரித்து வந்தாள். ஒரு முற்பகல் இரண்டு பேரும் போனோம்.

"நல்ல சாமான் தங்கச்சி. பெக்டரி மூடக்குள்ள எடுத்த. ஒரு பழுதும் இல்ல, போட்டுப் பாருங்க" என்றார் நானா.

போட்டுப் பார்த்தோம். முதலில் பின்பக்கத் தகட்டில் எங்கள் நாட்டு மின்சாரத்துக்கு உரியதுதானா என்று பார்த்தேன். லெட்சுமி நுனி ஓட்டையை விரலால் மூடி, குளிராக இருக்கும்போதே விசையை இழுத்து, காற்றுப் பிடிக்கிறதா என்று பார்த்தாள். நுனி தேய்ந்தால் மாற்ற வேறு நுனி கிடைக்குமா என்று கேட்டோம். நானா ஒரு டப்பாவைக் குலுக்கிக் காட்டினார். நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். பில் எழுதி வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

லெட்சுமி கைப்பிடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இதப் பாத்தா துவக்கு மாதிரி இருக்கே."

உண்மைதான். துப்பாக்கிக்கு இருப்பதுபோலவே கறுப்புப் பிடி, விசை, முன்னால் நீட்டிய குழாய். கொப்பியில் நான் சூட்டை ஒப்பிட்டிருந்தேன், விலையை ஒப்பிட்டிருந்தேன். உருவத்துக்கு ஒரு நிரல் போடவில்லை.

"சித்தப்பா வீட்ல வச்சிட்டு, நாளைக்கி முதலாளி வந்து எடுக்கட்டும்" என்றாள்.

நாளைக்கு என்றால் இன்னொரு நாள் போகும் என்றேன். ஆஸ்பத்திரிக்காரர் காலையில்தான் போன் எடுத்து அவசரப்படுத்தியிருந்தார். பழைய துவாய் ஒன்றில் சுற்றிப் பைக்குள் வைத்தோம். தெருவுக்கு வந்ததும் அவள் கையை நீட்டினாள்.

"ஒங்க அடையாள அட்டைல சாவகச்சேரின்னு இருக்கு. பைய என்கிட்ட குடுங்க."

யுத்தம் நடக்கிற வடக்கில் பிறந்தவள் என்றாலே சந்தேகம்தான். மறுத்துப் பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. கொடுத்தேன்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. லெட்சுமி எனக்கு முன்னால் நின்றாள். பெண் பொலிஸ் பையைத் திறந்தாள், துவாயை விலக்கினாள். அவள் சத்தம் போடவில்லை. பையை மிக மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனாள். அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தன. என்னைச் சுற்றி இருந்தவர்கள் விலகியதும், ஒரு சிப்பாய் லெட்சுமியின் தோளில் பிடித்ததும் ஞாபகம் இருக்கிறது. அவள் நல்ல சிங்களத்தில், இது மெஷின் சேர், சோல்டர் கழற்றுகிற மெஷின், என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பில் எங்கே என்று கேட்டார்கள். அவள் பேசாமல் நின்றாள்.

பில் என் கைப்பையில் இருந்தது.

ஓர் உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பினார். "எயா எக்கத ஆவே?" அவளோடா வந்தாய் என்று கேட்டார்.

"நே" என்றேன். இல்லை.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. லெட்சுமி மூன்றடி தூரத்தில் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவர் என் அட்டையை வாங்கி, பிறந்த இடத்தை நெடுநேரம் பார்த்து, திருப்பித் தந்தார். பஸ்ஸில் ஏறினேன். நாங்கள் இருந்த சீட்டில் அவளுடைய குடை கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தை வரைக்கும் வந்தேன். பக்கத்தில் வந்து இருந்த மனிசி "பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டதாக ஞாபகம்.

சிவபாதம் அண்ணை முழுவதையும் கேட்டார். நான் சொன்ன 'நே'யையும் சொன்னேன். அவர் கதிரையில் இருந்தபடி நிலத்தையே பார்த்தார். "நாங்கள் போனால் எங்களையும் வைச்சிருப்பினம், பிள்ளை" என்றார். ஒரு ரயில் போனது. மேசை நடுங்கியது. பிறகு எழும்பி, ஆணியில் தொங்கிய வெள்ளைச் சேட்டைப் போட்டார். பொத்தானை மாற்றித் தப்பாகப் பூட்டினார். "போகாட்டில் அந்தப் பிள்ளையை ஆர் கேக்கிறது?" பெட்டிகளைத் திருத்தச் சொல்லி ஆஸ்பத்திரி தந்திருந்த கடிதத்தை எடுத்தார். நான் செம்பு உரிந்த அந்தச் செத்த போர்டை எடுத்தேன், ஏன் என்று தெரியாமல்.

பொலிஸ் நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். பின்னேரம் பொறுப்பதிகாரி கூப்பிட்டார். மேசையில் எங்கள் மெஷின், துவாய் இல்லாமல். நான் பில்லை வைத்தேன். நானா ஆங்கிலத்தில் எழுதியிருந்த வரியில் அதிகாரியின் விரல் ஓடி, ஒரு சொல்லில் நின்றது.

"கன்" என்றார். துவக்கு.

சோல்டர் கழற்றுகிற கன், அதற்கு எல்லோரும் சொல்கிற பெயர் அதுதான் என்று அண்ணை தன் அரைகுறைச் சிங்களத்தில், சொல்லுக்கு ஒரு சேர் போட்டு விளக்கினார். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இந்தப் பில் உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டார். சாவடியில் நின்ற உத்தியோகத்தர் கதவடியில் நின்றார்.

"நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினோம், சேர். சாவடியில் நான் இல்லை என்று சொன்னேன்."

"ஏன்?"

"பய உணா, சேர்." பயந்துவிட்டேன். அந்தச் சிங்களம் எனக்குப் பிழையில்லாமல் வந்தது.

அவர் பில்லை மடித்து ஒரு பக்கம் வைத்தார். பிறகு மெஷினை என் பக்கம் தள்ளினார். செய்து காட்டு.

பிளக் சுவரில் பொருந்தவில்லை. எங்களுடையது சதுரப் பல், அவர்களுடையது உருண்டை ஓட்டை. ஒரு கொன்ஸ்தாபல் எங்கேயோ போய் அடெப்டர் ஒன்று கொண்டுவந்து, மேசை விசிறியைக் கழற்றிவிட்டு அதைச் செருகினார். விசிறி நின்றது. நுனி சூடாகிற வரைக்கும் எல்லோரும் காத்து நின்றோம். சிவப்பு வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்தது. என்னுடைய வியர்வை போர்டில் விழுந்தது. லெட்சுமியை உள்ளேயிருந்து கூட்டிவந்து சுவரோரம் நிறுத்தினார்கள். செருப்பு இல்லை. தலைமயிர் ஒரு பக்கம் குலைந்திருந்தது. நான் அவளை நேராகப் பார்க்கவில்லை.

போர்டில் நான் கைவைக்காத இன்னொரு ஐசி இருந்தது, அதுவும் நாற்பது கால். முதல் காலில் நுனியை வைத்து விசையை இழுத்தேன். மோட்டர் உறுமியது. கதவடியில் நின்றவரின் கை இடுப்புக்குப் போனது. நான் அப்படியே உறைந்துவிட்டேன். விசையை விடவும் பயம், இழுக்கவும் பயம். ஈயம் பாதி உருகிய நிலையில் நுனிக்குள் அடைத்துக்கொண்டது. இரண்டாவது காலில் நுனி வழுக்கிப் போர்டில் ஒரு கீறல் விழுந்தது. மரப்பிசின் மணம் அறை முழுவதும் பரவியிருந்தது.

"அக்கா, சூடு பத்தல" என்றாள் லெட்சுமி சுவரோரத்திலிருந்து. "ரெண்டு எண்ணிட்டு இழுங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார். என்ன சொன்னாய் என்று கேட்டார். அவள் சிங்களத்தில் சொன்னாள்: போர்டை ஒருவர் பிடிக்கவேண்டும், சேர், தனியாகச் செய்ய ஏலாது. அவர் தலையை ஆட்டினார். அவள் வந்து, ஒரு கம்பியால் நுனியின் அடைப்பைக் குத்தி எடுத்துவிட்டு, போர்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.  அவளுடைய மணிக்கட்டில் சிவந்த தடம் இருந்தது. "ஒண்ணு, ரெண்டு, இழுங்க." இழுத்தேன். "ஒண்ணு, ரெண்டு." நாற்பது கால். கடைசிக் காலுக்குப் பிறகு அவள் போர்டைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டினாள். ஐசி மேசையில் விழுந்தது.

அதிகாரி போர்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நாற்பது ஓட்டையிலும் வெளிச்சம் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கடிதத்தை முதல் முறையாக முழுதாக வாசித்தார்.

"ஹரி" என்றார்.

சரி என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனாலும் லெட்சுமியை அன்று விடவில்லை. சித்தப்பா வீட்டுப் பொலிஸ் பதிவைச் சரிபார்க்கவேண்டுமாம். அடுத்த நாள் காலை விட்டார்கள். மெஷினை வைத்துக்கொண்டார்கள்.

வெளியே ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். சிவபாதம் அண்ணை முச்சக்கரவண்டி பிடிக்கப் போனார். குடையை அவளிடம் கொடுத்தேன். ராத்திரி எப்படி என்று கேட்டேன்.

"கேக்காதீங்க அக்கா" என்றாள். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு, "நீங்க 'நே'ன்னு சொன்னது எனக்கு கேட்டுச்சு" என்றாள்.

நான் என் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தேன்.

"நீங்க சொல்லாட்டி நானே சொல்லியிருப்பேன், இவங்கள எனக்குத் தெரியாதுன்னு. ரெண்டு பேரும் உள்ள போயிருந்தா பில்ல யாரு கொண்டாந்திருப்பாங்க?"

அதற்குள் முச்சக்கரவண்டி வந்துவிட்டது.

ஆறு போர்டையும் கடைசியில் கைச் சக்கராலும் செம்புப் பின்னலாலும்தான் செய்தோம். சூடு பிடித்து நிற்கிற ஒரு சின்ன அயன் மட்டும் புதிதாக வாங்கினோம். கடையில் லெட்சுமி அதைக் கையில் எடுத்து, "பேனா மாதிரி இருக்கு, வாங்கலாம்" என்றாள். சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. இருநூற்று நாற்பது கால், ஒன்பது நாள். ஒரு செம்புக் கோடும் உரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப் போனபோது எங்களை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். பெட்டியொன்றுக்குள் ஒரு கைக்கு அடக்கமான பிள்ளை, தொப்பி போட்டுக்கொண்டு, காலை உதைத்தது. லெட்சுமி கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நின்றாள். தாதி வந்து போகச் சொல்லும் வரைக்கும் அவள் அசையவில்லை.

மெஷினைப் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு கடிதத்தோடு திருப்பித் தந்தார்கள். நுனி உடைந்திருந்தது. அண்ணை அதை அலுமாரியின் மேல் வைத்தார், யாரும் இறக்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் லெட்சுமி குவைத்துக்குப் போனாள். வீட்டு வேலைக்கு. அந்தக் கையோடு. நான் தடுத்தேன். "இங்க பஸ்ல ஏறவே பயமா இருக்கு அக்கா" என்றாள். இரண்டு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு நான் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை.

அந்த மாடி அறை இப்போது இல்லை. ஒழுங்கையின் அந்தப் பக்கம் முழுவதும் அடுக்குமாடி எழும்பிவிட்டது, கடல் தெரிவதில்லை. சிவபாதம் அண்ணை கனடாவில் காலமானார். நானாவின் கடை மருந்து விற்கிற பாமசியாகிவிட்டது. சாவடி இருந்த இடத்தில் பஸ் வேகத்தைக் குறைப்பதுகூட இல்லை. நாற்பது கால் ஐசியைக் கழற்றி மாற்றுகிறவர் யாரும் இல்லை, போர்டையே தூக்கி எறிகிறார்கள். கொட்டாஞ்சேனையில் அவளுடைய சித்தப்பா இருந்த வரிசை வீடுகளைத் தேடிப் போனேன். வரிசையே இல்லை. பக்கத்துக் கடையில் கேட்டேன். அப்படி ஒரு குடும்பத்தை அவர்களுக்குத் தெரியாது.

'நானே சொல்லியிருப்பேன்' என்று தேத்தண்ணிக் கடையில் அவள் சொன்னது உண்மைதானா, இல்லை என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகச் சொன்னதா என்று ஒரு நாள் கேட்கவேண்டும் என்று இருந்தேன். அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஒரே மேசையில் வேலை செய்தோம். அவசரம் இல்லை என்று நினைத்தேன். பக்கத்துக் கதிரையில்தானே இருக்கிறாள்.